சந்தா நின்றதும் குகை முழுக்க வெளிச்சம்: இந்த மாதச் செலவைக் குறைக்க வழி உண்டா?

மெழுகுவத்தி_டிஎம்:
வணக்கம். சென்னையிலிருந்து டிஎன்டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பில் ஒரு கேம்பெயின், அதாவது தொடர்கதை, ஆன்லைனில் நடத்துகிறேன். ஆட்டத்தை நடத்தும் டிஎம் நான். பிளேயர்கள் ஐந்து பேர்: இருவர் கோவை, ஒருவர் மதுரை, ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் டொரொண்டோ. மாதம் இரண்டு சனிக்கிழமை, இரவு 8 மணி.

போன செஷனில் மேப்பைத் திறந்தால் டைனமிக் லைட்டிங் (சுவருக்குப் பின்னால் இருப்பதைப் பிளேயர்களுக்கு மறைக்கும் வசதி) வேலை செய்யவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்த குகை, சுவருக்குப் பின்னால் இருப்பதெல்லாம் பட்டப்பகல் போலத் தெரிகிறது. மேப்பில் வைத்த ஒரு பெட்டிச் சின்னத்துக்கு (டோக்கன்) 'மிமிக்', அதாவது பெட்டி வேஷம் போடும் மான்ஸ்டர், என்றே பெயர் வைத்துத் தொலைத்திருந்தேன். அதையும் படித்துவிட்டார்கள்.

காரணம், மேப் தளத்தின் மாதச் சந்தா கார்டில் போகவில்லை. அன்று காலைதான் அதே கார்டில் ரயில் டிக்கெட் எடுத்தேன், அது போனது. தளத்தின் பெயர் வேண்டாம், தப்பு அவர்களுடையதா என்றே தெரியவில்லை.

இப்போது கட்டுவது: மேப் தளத்தின் உயர்ந்த திட்டம் 10 டாலர், டிஎன்டி புத்தகங்களும் கேரக்டர்களும் வைத்துக்கொள்ளும் டிஎன்டி பியாண்ட் தளத்தின் மாஸ்டர் சந்தா 5.99. அது போக இரண்டு பிளேயர்கள் ஆளுக்கு 2.99 டாலருக்கு அதே தளத்தின் ஹீரோ சந்தா வைத்திருக்கிறார்கள். கூட்டினால் மாதம் 22 டாலர், அதாவது ஒரு செஷனுக்கு 11. கார்டு ஏன் போகவில்லை? இதைவிட மலிவாக எது இருக்கிறது?

கணக்குப்பிள்ளை:
கார்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். 2021 அக்டோபர் 1 முதல், தானாகப் பிடிக்கும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. முதல் முறை ஓடிபி போட்டு ஒப்புதல் பதிய வேண்டும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் இந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை என்றால் வங்கி தானாகவே மறுத்துவிடும். ரயில் டிக்கெட்டுக்கு நீங்களே ஓடிபி போட்டீர்கள், அதனால் போனது. உங்களுக்கும் அநேகமாக இதுதான். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்து கிடக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

மாதாமாதம் மல்லுக்கட்டாமல் வருடச் சந்தாவாக ஓடிபி போட்டு ஒரே முறை கட்டுங்கள். மாஸ்டர் சந்தா மாதக் கணக்கில் வருடத்துக்கு 71.88 டாலர் ஆகிறது, வருடமாகக் கட்டினால் 54.99.

அப்புறம், 10 டாலர் என்பது 10 டாலர் இல்லை. நிறுவனம் ஜிஎஸ்டி பிடித்தால் 11.80. அதன் மேல் வங்கி 3.5 சதவீதம் மார்க்-அப் (வெளிநாட்டுச் செலவுக்கான கூடுதல் கட்டணம்), அந்த மார்க்-அப்புக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கிட்டத்தட்ட 12.29 வந்து நிற்கும்.

குறுக்குவழி:
விபிஎன் போட்டு, விலை குறைவான நாட்டில் இருப்பது போலக் காட்டி வாங்குங்களேன்?

கணக்குப்பிள்ளை:
வேண்டாம். கார்டு இந்தியாவுடையது, முகவரி வேறு நாடு. கணக்கை முடக்கினால் வாங்கிய புத்தகங்களும் சேர்ந்து போகும்.

ஏழாம்படி_மந்திரவாதி:
மலிவானது எது என்று பார்க்கும் முன், யார் கட்ட வேண்டும் என்று பாருங்கள். அங்கேதான் உங்கள் காசு ஒழுகுகிறது.

மாஸ்டர் சந்தா இருந்தால் கேம்பெயினில் பகிர்வை இயக்கலாம், நீங்கள் வாங்கிய புத்தகங்கள் எல்லாம் பிளேயர்களுக்கும் திறக்கும். இலவசக் கணக்கிலேயே 6 கேரக்டர் வைத்துக்கொள்ளலாம். உங்கள் பிளேயர்கள் ஆளுக்கு ஏழு கேரக்டர் சாகடித்திருந்தால் தவிர, அந்த இரண்டு ஹீரோ சந்தாவும் வீண். வருடத்துக்கு 71.76 டாலர் மிச்சம்.

மேப்பும் அப்படித்தான். உதாரணத்துக்கு ரோல்20 என்ற மேப் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: டைனமிக் லைட்டிங்குக்கு பிளஸ் திட்டம் போதும், ஸ்கிரிப்ட் (ஆட்டத்தில் வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஓட்டத்தான் ப்ரோ திட்டம். அதுவும் கேமை உருவாக்கிய கணக்குக்குச் சந்தா இருந்தால் போதும், மற்றவர்கள் இலவசம். நீங்கள் ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்களா?

மெழுகுவத்தி_டிஎம்:
ஸ்கிரிப்டா? அந்தப் பக்கம் போனதே இல்லை. 'எல்லாம் உண்டு' என்று போட்டிருந்ததால் வாங்கினேன்.

வாடகைக்குகை:
ஃபவுண்டரி என்ற மேப் சாஃப்ட்வேரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 50 டாலர், வரி தனி, ஒரே முறை. டிஎம் மட்டும் வாங்கினால் போதும். லைட்டிங், சுவர், ஸ்கிரிப்ட் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. 2023 ஜனவரியில் எஸ்ஆர்டி 5.1 (டிஎன்டியின் அடிப்படை விதிகளின் தொகுப்பு) கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் வந்துவிட்டதால், அதில் உள்ள மான்ஸ்டர்களும் மந்திரங்களும் இலவசமாகவே கிடைக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர்தான் சர்வர், வெளியிலிருந்து பிளேயர்கள் அதற்குள் வர வேண்டும். நம் ஊர் பிராட்பேண்ட் பலவற்றில் ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கிறார்கள். ரூட்டரில் வான் ஐபி (வெளிப்பக்க முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை எதிலாவது ஆரம்பித்தால், ஃபவுண்டரிக்கான வாசலான 30000 போர்ட்டை எத்தனை முறை திறந்துவிட்டாலும் அந்த ஐபி வழியாக யாரும் உள்ளே வர முடியாது. நான் இது தெரியாமல் மூன்று இரவு ரூட்டரோடு சண்டை போட்டேன். கடைசியில் டெயில்ஸ்கேல் (கம்ப்யூட்டர்களைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் ஆப்) போட்டு ஓட்டினேன், ஆனால் பிளேயர்கள் ஒவ்வொருவரும் அதை நிறுவ வேண்டும். ஃபவுண்டரியைத் தங்கள் சர்வரில் ஓட்டித் தரும் ஃபோர்ஜ் மாதிரி ஹோஸ்டிங் எடுத்தால் தலைவலி இல்லை, ஆனால் மறுபடி சந்தாதான்.

மாதம் இரண்டே செஷன், வெறும் மேப்பும் டோக்கனும் போதும் என்றால் ஔல்பேர் ரோடியோ என்ற மேப் தளத்தின் இலவசக் கணக்கைப் பாருங்கள். பிளேயர்களுக்குக் கணக்கே தேவையில்லை, லிங்க் அனுப்பினால் போதும்.

மெழுகுவத்தி_டிஎம்:
ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

வங்கியில் கேட்டேன். கணக்குப்பிள்ளை சொன்னதேதான், ஒப்புதல் பதிவாகாத தொகை என்று நிறுத்தியிருக்கிறார்கள்.

ரூட்டரில் 100.82 என்று காட்டுகிறது. அதனால் ஃபவுண்டரியை இப்போதைக்குத் தள்ளி வைத்தேன். மதுரைக்காரர் ஆபீஸ் லேப்டாப்பில் விளையாடுகிறார், அதில் எதையும் நிறுவ முடியாது.

சிங்கப்பூர் நண்பரின் கார்டில் தானாகப் பிடிக்கும் தொகை ஒழுங்காகப் போகிறது. அதே மேப் தளத்தில் அவர் நடுத்தரத் திட்டம் எடுத்து, கேமைத் தன் கணக்கில் உருவாக்கி, எனக்கு டிஎம் அதிகாரம் கொடுத்துவிட்டார். மேப்பைத் திரும்ப ஏற்றி எல்லாச் சுவரையும் மறுபடி வரைந்தேன், இரண்டு மணி நேரம் போனது. இரண்டு ஹீரோ சந்தாவும் நிறுத்தியாகிவிட்டது. மாஸ்டரை வருடமாகக் கட்டினேன், ஓடிபி வந்தது, போனது. சிங்கப்பூர்க்காரர் பங்கு வாங்க மாட்டேன் என்கிறார், ஊருக்கு வரும்போது பிரியாணி போதுமாம்.

ஏழாம்படி_மந்திரவாதி:
நல்லது. வருடச் சந்தாவும் தானாகப் புதுப்பிக்கப் பார்க்கும். 11 மாதம் கழித்து ஒரு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆமாம், அந்த மிமிக் என்ன ஆயிற்று?

மெழுகுவத்தி_டிஎம்:
அலாரம் வைத்துவிட்டேன். பெட்டி இப்போது நிஜப் பெட்டிதான். யாரும் பக்கத்திலேயே போகவில்லை, உள்ளே 400 பொற்காசு சும்மா கிடக்கிறது.