குரல் தூணிலிருந்து வருகிறது: டிலே ஸ்பீக்கரில் எங்கே தப்பு?

கேள்வி
45 மீட்டர் நீள அரங்கு. மேடைக்கு இருபுறமும் மெயின் லைன் அரே (ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும் முதன்மை ஸ்பீக்கர் வரிசை), அங்கிருந்து 28 மீட்டரில் தூணுக்கு ஒன்றாக இரண்டு டிலே ஸ்பீக்கர், அதாவது பின்வரிசைக்காக ஒலியைச் சற்றுத் தாமதித்து விடுபவை. 28-ஐ ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரால் வகுத்து 82 மில்லி செகண்ட் கொடுத்தாச்சு. ஆனாலும் பின்வரிசையில் குரல் தூணிலிருந்தே வருகிறது. மெயினிலிருந்து 16 மீட்டர் பக்கம் உட்கார்ந்தால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை. டிலேயைக் கூட்டினால் பின்னால் சரியாகிறது, நடுவில் மோசமாகிறது.

பதில் 1
மெயின் பிராசசரில் எஃப்ஐஆர் ஃபில்டர் (ஒலியைத் திருத்தும் ஒரு வகை டிஜிட்டல் வடிகட்டி) இருக்கா?

கேட்டவர்
இருக்கு. லீனியர் ஃபேஸ், 1024 டேப், 48 கிலோஹெர்ட்ஸ். டிலே ஆம்ப் அதன் வழியே போகாமல் நேரே மிக்சரிலிருந்து.

பதில் 1
அதுதான். அந்த ஃபில்டரே மெயினை ஏறக்குறைய 10.7 மில்லி செகண்ட் பிந்த வைக்கிறது. அதனால் தூண் முந்திக்கொள்கிறது. முதலில் வரும் ஒலி எங்கிருந்தோ, காது குரலையும் அங்கேயே வைக்கும். 82 + 10.7, அதற்கு மேல் 5 சேர்த்து 98 வையுங்கள். அரங்கு குளிர்ந்தால் மெயின் இன்னும் பிந்தும், ஆனால் 30 டிகிரிக்கும் 20 டிகிரிக்கும் 28 மீட்டரில் வித்தியாசம் 1.4 மில்லி செகண்ட்தான். அந்த 5 அதைத் தாங்கும்.

பதில் 2
நடுவில் கேட்கும் எதிரொலி வேறு கோளாறு, டிலேயை எப்படித் திருகினாலும் போகாது. 16 மீட்டர் என்றால் தூணுக்கு 12 மீட்டர் முன்னால். மெயின் ஒலி அந்த 12 மீட்டரைக் கடந்து தூணுக்குப் போன நேரம், தூணிலிருந்து திரும்பி வரும் நேரம், இரண்டும் சேர்ந்து 70 மில்லி செகண்ட். மேலே சொன்ன 5-ஐயும் சேர்த்தால் 75. பேச்சில் 50 தாண்டினாலே இரண்டாகக் கேட்கும். பெட்டிக்குப் பின்பக்கம் கசிவதைத்தான் குறைக்கணும். தாழ்ந்த ஒலி பெட்டியைச் சுற்றி வரும், எனவே டிலே ஸ்பீக்கருக்கு 180 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் வடிகட்டி) போட்டு, பெட்டியைப் பின்வரிசை நோக்கிக் கீழே சாய்த்து, அளவையும் இறக்குங்கள். தூண் ஊமையானால் தெளிவு போகணும், இயங்கும்போது அது இருப்பதே தெரியக்கூடாது. அவ்வளவு சத்தம் போதும்.

பதில் 3
கணக்கு தொடக்கத்துக்குத்தான், அளந்து பாருங்கள். தூணிலிருந்து ஐந்தாறு மீட்டர் பின்னால், அதன் நேர்க்கோட்டில் மைக்கை வைத்து, பிங்க் நாய்ஸ் (அளப்பதற்கான இரைச்சல் ஒலி) விட்டு, ஒரு பக்க மெயினை மட்டும் திறந்து வருகை நேரத்தைக் குறியுங்கள். அடுத்து அதை மூடி, அதே பக்கத் தூணின் டிலேயைச் சுழியாக்கி அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தோடு முன்பு சொன்ன 5-ஐச் சேர்த்தால் வருவதே நீங்கள் போட வேண்டிய எண். எல்லா பிராசசர் தாமதமும் அதற்குள் வந்துவிடும். இடதும் வலதும் சேர்ந்து ஓடினால் அளவு குழம்பும்.