ரேஸ் ஓடின எஸ்டீமை தினமும் ஆபீசுக்கு ஓட்டலாமா? (திருவொற்றியூர் டு அம்பத்தூர்)

எர்ணாவூர்வாசி:
இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் டூரிங் கார் கிளாஸில் ஓடிய மாருதி எஸ்டீம் ஒன்னு விலைக்கு வருது. 1.3 ஜி13பி இன்ஜின், காம்ப்ரஷன் ரேஷியோ 11.5, ரேஸ் கேம் (வால்வைத் திறந்து மூடுற தண்டு), ஃபோர்ஜ்டு பிஸ்டன், பட்டன் கிளட்ச். உள்ளே வெல்டு பண்ணின ரோல் கேஜ் (பாதுகாப்புக்கான இரும்புப் பைப் கூண்டு), ஒரே ஒரு பக்கெட் சீட், 6 பாயின்ட் பெல்ட். ஏ.சி., ஹீட்டர், ரேடியேட்டர் ஃபேன், தெர்மோஸ்டாட் எதுவும் இல்ல. சம்புக்கும் (இன்ஜினோட அடி ஆயில் தொட்டி) தரைக்கும் நடுவுல 100 மி.மீ. ஆர்.சி. கைவசம் இருக்கு, ஆனா 15 வருஷம் முடிஞ்சும் புதுப்பிக்கல.

ரூட்: திருவொற்றியூர், மணலி, மாதவரம் ரவுண்டானா, ரெட்டேரி, பாடி, அம்பத்தூர் எஸ்டேட். சத்தம், வெயில், குலுக்கல் எல்லாம் நான் தாங்கிப்பேன். வண்டி தாங்குமா? எதை மாத்தணும், எதை அப்படியே விடலாம்?

ஸ்பேனர்செட்:
அந்த வண்டில இருக்கிற ஒவ்வொரு பார்ட்டும் "நான் வேகமா ஓடிக்கிட்டே இருப்பேன்"னு நம்பி மாட்டினது ப்ரோ. மணலியில கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவுல முதல் கியர்ல ஊர ஆரம்பிச்சதும் அந்தக் கணக்கு மொத்தமும் தப்பாயிடும்.

முதல்ல கூலிங். டிராக்ல ரேடியேட்டருக்குள்ள காத்து தானா பாயுது, அதனால எடை குறைக்க ஃபேனைக் கழட்டிடுவாங்க. சிக்னல்ல நிக்கிற வண்டிக்கு அந்தக் காத்து கிடையாது, மே மாச வெயில்ல சில நிமிஷத்துல முள் சிவப்புக்குப் போயிடும். ரேடியேட்டர் முழுக்க மூடுற ஷ்ரௌடோட எலக்ட்ரிக் ஃபேன், ரிலே, தனி ஃபியூஸ், தெர்மோ ஸ்விட்ச் இவ்வளவும் வேணும். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் போடுங்க. அது இல்லன்னா காலைல இன்ஜின் சூடேறவே நேரம் ஆகும், அதுவரைக்கும் எரியாத பெட்ரோல் ரிங் வழியா இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும். ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு இடைவெளி அதிகம் விடுவாங்கங்கறதால குளிர்ல டக் டக்னு சத்தமும் வரும். சூடானதும் அந்தச் சத்தம் நிக்கணும். நிக்கலன்னா சிலிண்டர் உள்சுவர் தேஞ்சிருக்கு.

இன்னொன்னை நிறைய பேர் பார்க்கிறதே இல்ல. கூலன்ட் டிராக்ல சிந்தினா வழுக்கும்னு ரேஸ் வண்டிக்குப் பெரும்பாலும் வெறும் தண்ணிதான் ஊத்துவாங்க. இது அலுமினிய இன்ஜின், தண்ணி வழி உள்ளுக்குள்ளேயே அரிச்சிருக்கலாம். இன்ஜின் ஆறினப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்க. தண்ணி கலங்கி இருந்தா சிலிண்டர் ஹெட்டைக் கழட்டிப் பார்க்காம விலை பேசாதீங்க.

பட்டன் கிளட்ச் பிடிச்சா பிடிச்சது, விட்டா விட்டது. பாதி பெடல்ல நழுவ விட்டு ஓட்டுற வேலை அதுக்கு ஆகாது. மூலக்கடை மாதிரி இடத்துல ஒவ்வொரு தடவை நகரும்போதும் வண்டி துள்ளும், ஃப்ளைவீல் சூடாகி நீலக் கறை பிடிக்கும். சாதாரண ஆர்கானிக் டிஸ்க்கும் ஸ்டாக் பிரஷர் பிளேட்டும் போட்டாலே போதும்.

கேம்தான் பெரிய தலைவலி. ரேஸ் கேமோட ஐடில் 1,200-க்குக் கீழ நிக்காது, வேக்குவமும் கம்மி. ஊர்ந்துக்கிட்டே அடுத்தடுத்து பிரேக் அழுத்தினா வேக்குவத்துல வேலை செய்யுற பிரேக் சர்வோவோட உதவி தீர்ந்து பெடல் கல்லாயிடும். "சரி, ஸ்டாக் கேம் போட்டுக்கலாம்"னு தோணும். அங்கதான் மாட்டிப்பீங்க. ஸ்டாக் கேம்ல இன்டேக் வால்வு சீக்கிரம் மூடுறதால 11.5 காம்ப்ரஷனோட குறைஞ்ச ஆர்.பி.எம்.ல சிலிண்டர் பிரஷர் இன்னும் ஏறும். சாதாரண பெட்ரோல்ல இன்ஜின் தட்டும் (நாக்கிங்), இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கணும். ஆக கேமை மாத்தினா பிஸ்டனையும் மாத்தணும். அதுக்கு புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல நல்ல ஸ்டாக் ஜி13பி ஒன்னு தேடி மாட்டிட்டு, ரேஸ் இன்ஜினை ஆயில் தடவி மூடி வைக்கிறது மலிவு.

பழைய ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் எடுத்துடுங்க. இப்ப பம்புல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஃபியூல் செல்லுக்குள்ள (ரேஸ் வண்டி பெட்ரோல் டேங்க்) ஃபோம் இருந்தா அதுவும் கரைஞ்சு ஃபில்டரை அடைக்கும்.

ராயபுரம்_ஆர்.சி:
வணக்கம். இன்ஜினுக்குச் செலவு பண்ணுவதற்கு முன் காகித விஷயத்தைப் பாருங்கள். 15 வருடம் முடிந்த தனியார் காருக்கு ஆர்.டி.ஓ. ஆய்வில் தேறினால்தான் புதுப்பிப்பு, அதுவும் 5 வருடத்துக்கு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. கவனியுங்கள், வண்டிக்கு 5,000 இல்லை, ஒவ்வொரு மாற்றத்துக்கும். உங்கள் பட்டியலை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாமல் ரேஸ் கேமோடு போனால் மாசுச் சான்றும் கிடைக்காது. பாரத் ஸ்டேஜ் 2 அல்லது 3 மாசு விதிக் காலத்து பெட்ரோல் வண்டி என்றால் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இன்சூரன்ஸில் மாற்றங்களைச் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு சர்வேயர் கேஜைப் பார்த்ததுமே சொந்த சேதத்துக்கான கிளைமை மறுக்க வழி கிடைத்துவிடும்.

வியாசர்பாடி_வேகம்:
ரோட்டைப் பத்தி யாரும் பேசலையே. இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். உங்க சம்பு 100 மி.மீ. விதிப்படி போட்டதுலயே உரசும், நம்ம தெருக்கள்ல விதியைக் கேட்டு யார் போடறாங்க? ஸ்டாக் உயரத்துக்கு ஏத்தி, 3 மி.மீ. ஸ்டீல் சம்ப் கார்டு போடுங்க. ஸ்பிரிங்கை மட்டும் மாத்தினா ரேஸ் டேம்பரோட (ஷாக் அப்சார்பர்) ரீபௌண்டு, அதாவது அமுங்கினது திரும்ப நீளுறது, அதுக்கு ரொம்ப இறுக்கம். மேட்டுல மோதி மேல ஏறின சக்கரம் திரும்பக் கீழ இறங்கறதுக்குள்ள அடுத்த மேடு வந்துடும். ரெண்டையும் செட்டாவே மாத்தணும்.

சஸ்பென்ஷன் இணைப்புகள்ல ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலா ராட் எண்டு, ஸ்ஃபெரிக்கல் பேரிங் மாதிரி இரும்பு மூட்டு இருக்கான்னு பாருங்க. மண்ணும் உப்புக்காத்தும் சேர்ந்தா சில மாசத்துல கடகடன்னு ஆடும். ஜி.பி. ரோட்டுல ஸ்டாக் ரப்பர் புஷ் கிடைக்கும். கேம்பர் (சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாயுற கோணம்) மைனஸ் 3 டிகிரியில இருந்தா டயரோட உள்பக்கம் மட்டும் வழிச்சுடும். மைனஸ் 1-க்குக் கொண்டு வந்து, டோவை (சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கிற அளவு) ஜீரோ பண்ணுங்க.

ரேஸ் பிரேக் பேட் குளிர்ல பிடிக்காது. தெருமுனையில முதல் பிரேக்கே ஆபத்து. ரேஸ் பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கும், நம்ம கடலோரக் காத்துல 6 மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும். அதுக்கு சாதாரண டாட் 4-ஏ போதும்.

மழை வந்தா கணேசபுரம் சுரங்கப்பாதை பக்கமே போகாதீங்க. ரேஸ் வண்டில ஏர் இன்டேக் பம்பருக்குக் கீழ இருந்தா, தேங்கின தண்ணியை அப்படியே உறிஞ்சும். தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். ஹீட்டரும் ஏ.சி.யும் இல்லன்னா முன் கண்ணாடி ஆவி பிடிச்சு ஒன்னுமே தெரியாது. ஸ்லிக் டயர் (பள்ளக் கோடே இல்லாத ரேஸ் டயர்) பத்தி எழுதவே வேண்டாம்னு நினைக்கிறேன்.

எடை குறைக்க அடிப்பக்கத் தார்ப்பூச்சைச் சுரண்டியிருப்பாங்க. எர்ணாவூர்ல கடல் எவ்வளவு கிட்டன்னு உங்களுக்கே தெரியும், துரு சீக்கிரம் பிடிக்கும்.

எர்ணாவூர்வாசி:
நன்றி. அப்போ கேஜை அறுத்து எடுத்துட்டு, ஸ்டாக் இன்ஜின் வச்சா சரியா வருமா? இல்ல சும்மா விடறதா?

ஸ்பேனர்செட்:
கேஜோட ஓட்டவே கூடாது, அது முதல் விஷயம். அந்தப் பைப் ஹெல்மெட் போட்ட தலைக்குச் செஞ்சது. வெறுந்தலையோட பக்கவாட்டுல ஒரு லாரி லேசா தட்டினாலே பைப்புல மண்டை மோதும். மேல ஃபோம் சுத்தினாலும் அது ஹெல்மெட்டுக்கு உண்டான ஃபோம்தான். 6 பாயின்ட் பெல்ட் இறுக்கிக் கட்டினா முன்னாடி குனிஞ்சு சந்துல வர்ற ஆட்டோவைப் பார்க்க முடியாது, தளர்த்திக் கட்டினா பெல்ட்டே பிரயோஜனம் இல்ல. எஃப்.ஐ.ஏ. (சர்வதேச மோட்டார் ரேஸ் அமைப்பு) சான்று பெற்ற சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் காலாவதி வருஷம் உண்டு, லேபிளைப் பாருங்க.

போல்ட்டு கேஜா இருந்தா கழட்டிடலாம். உங்களோடது வெல்டு. அறுத்தா தரையில, ஸ்ட்ரட் டவர்ல (சஸ்பென்ஷன் மேல்பக்கம் மாட்டுற பாடிப் பகுதி), பில்லர்ல எல்லாம் கருகின தகடு மிஞ்சும், அங்கதான் முதல் துரு வரும். அப்புறம் சீட், பெல்ட், டேஷ்போர்டு, வயரிங், ஹீட்டர், ஏ.சி. எல்லாம் வேற எஸ்டீம்ல இருந்து எடுக்கணும். அப்படி எடுக்கிற அந்த இன்னொரு எஸ்டீமையே ஓட்டிட்டுப் போகலாமே.

என் கருத்து: ஆபீசுக்கு நல்ல ஆர்.சி.யோட ஒரு சாதாரண கார். முன்பக்கம் ரோடு, டிராக் ரெண்டுக்கும் ஒத்துவர்ற பிரேக் பேட், புது டாட் 4, நல்ல கிரிப் டயர், அலைன்மென்ட். டிராக் நாளுக்கு அதுவே போதும். ரேஸ் வண்டி வேணும்னே இருந்தா ரேஸ் வண்டியாவே வாங்கி, பிளாட்பெட்ல ஏத்தி இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டு போங்க. சோழவரத்துல ரேஸ் நடந்தவரைக்கும் நம்ம வடக்குப் பக்கத்துக்கு எல்லாமே கிட்ட. 1990-ல புது டிராக் வந்ததுல இருந்து வாடகை வண்டிச் செலவையும் கணக்குல சேர்க்கத்தான் வேணும்.

வாங்கறதா இருந்தா பார்க்கப் போகும்போது காந்தம் ஒன்னு எடுத்துட்டுப் போங்க. ஸ்ட்ரட் டவர், ஜாக் பாயின்ட், கேஜ் கால் தரையில உட்கார்ற தகடு, இந்த மூணு இடத்துலயும் ஒட்டலன்னா பட்டி பூசியிருக்காங்க.