மறு: ‘சர்டிஃபைடு ரெஃபரன்ஸ் மெட்டீரியல்’ – ‘ஆணி’ நம்மிடம் இருக்கிறதே

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சோதனைக்கு அளவாக வைக்கும், மதிப்பு உறுதி செய்யப்பட்ட பொருளை ஆங்கிலத்தில் ‘சர்டிஃபைடு ரெஃபரன்ஸ் மெட்டீரியல்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையைப் பத்து நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். நான் கோவையில் ஒரு ஹால்மார்க் மையத்தில் பதினெட்டு ஆண்டுகள் தங்கமும் வெள்ளியும் சோதித்தவள். சொல்லைத் தேடும் முன் அந்தப் பொருள் பட்டறையில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி விவாதம் தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது. அதனால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு 22 கேரட் வளையலிலிருந்து ஏறத்தாழ 250 மில்லிகிராம் வெட்டி எடுக்கிறோம். அதிலுள்ள தங்கத்தைப்போல் இரண்டரை மடங்கு வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடான உலையில் கியூப்பலில், அதாவது உருகிய ஈய ஆக்சைடை உறிஞ்சும் சிறு கிண்ணத்தில், வைக்கிறோம். ஈயம் உருகி ஆக்சைடாகி, செம்பையும் இழுத்துக்கொண்டு கியூப்பலுக்குள் இறங்கிவிடும். மிஞ்சுவது ஒரு சிறு மணி. அதைத் தட்டித் தகடாக்கிச் சுருட்டி நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சினால் வெள்ளி கரைந்துபோகும். தங்கம் சுருளாக நிற்கும். சுருளை நிறுத்தால் மாற்று, அதாவது ஆயிரத்துக்கு எத்தனை பங்கு தங்கம் என்பது, தெரியும்.

ஆனால் ஈயத்தோடு துளித் தங்கமும் கியூப்பலுக்குள் போய்விடும். அமிலத்துக்குத் தப்பிய துளி வெள்ளி சுருளிலேயே தங்கிவிடும். ஒன்று எடையைக் குறைக்கும், மற்றது கூட்டும். உலையின் சூடு, கியூப்பல் வந்த பெட்டி, அமிலத்தின் வலு இவற்றைப் பொறுத்து இந்த ஏற்ற இறக்கம் அன்றன்றைக்கு மாறும். அதனால் ஒவ்வொரு உலைக்கும் வளையல் துண்டுகளோடு, அளவு தெரிந்த சொக்கத் தங்கத்தையும் அதே கலவையாக்கி உள்ளே அனுப்புகிறோம். ‘செக் கோல்டு’ என்போம்.

ஒரு நாள் புதுப் பெட்டிக் கியூப்பல் பிரித்தோம். ஒரே கடையின் நகைகள் வரிசையாக 915.4 என்று வந்தன. 916 இல்லை என்றால் முத்திரை இல்லை. கடைக்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டார். செக் கோல்டைப் பார்த்தோம்: அதிலும் 0.2 மில்லிகிராம் குறைந்திருந்தது. 250 மில்லிகிராம் துண்டுக்கு அது ஆயிரத்துக்கு 0.8. திருத்தினால் 916.2. நகை சரியாகத்தான் இருந்தது, எங்கள் கியூப்பல்தான் தங்கத்தைக் குடித்திருந்தது. அன்று அந்தக் குட்டித் துண்டு இல்லையென்றால் ஒரு நேர்மையான ஆளைக் கள்ளனாக்கியிருப்போம்.

இது முதல் வேலை. இரண்டாவது வேலையும் உண்டு. திருத்தத்துக்கு உதவிய துண்டே திருத்தம் சரியா என்று சாட்சி சொல்ல முடியாது. அதற்கு வேறொரு துண்டு வேண்டும்: 916-ஐ ஒட்டிய கலவை, அதன் மாற்று வேறிடத்தில் உறுதி செய்யப்பட்டது. அதை மற்ற நகைகளைப்போலவே சோதித்து, சான்றிதழில் உள்ள எண் வருகிறதா என்று பார்க்கிறோம். நாம் பெயர் தேடுவது இந்த இரண்டு வேலைக்கும் வரும் பொருளுக்கு.

சரி, ‘சர்டிஃபைடு’ ஏன் முக்கியம்? இங்கிலாந்தில் அரசு நாணயங்களின் தரத்தை நடுவர் குழு சோதிக்கும் ‘பிக்ஸ்’ விசாரணை 1282 முதலே பதிவாகியிருக்கிறது. நாணயத்தை ஒப்பிட, மாற்று நிர்ணயித்த ஒரு தங்கத் தகடு வைத்திருப்பார்கள். 1710-இல் நாணயங்கள் தரக்குறைவு என்று தீர்ப்பு வந்தது. அப்போது நாணயச் சாலைத் தலைவர் ஐசக் நியூட்டன். அவர் விடவில்லை. 1707-இல் செய்த அந்தத் தகடே இருக்கவேண்டிய மாற்றைவிடக் கூடுதலாகச் சுத்தமானது என்று காட்டினார். பிறகு 1688-இன் பழைய தகடுதான் பயன்பாட்டுக்குத் திரும்பியது. அளவுகோலுக்கே சான்று வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் இன்றைய விளக்கமும் இதைத்தான் கேட்கிறது: பொருள் ஒருபடித்தாக, நிலையாக இருக்கவேண்டும், சான்றிதழில் மதிப்பும், அதன் ஐயவரம்பும் (எண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பது), அந்த மதிப்பு எந்த ஒப்பீட்டுச் சங்கிலியில் வந்தது என்பதும் இருக்கவேண்டும்.

இனி இழையில் வந்த சொற்களுக்கு வருகிறேன்.

‘குறிப்புப் பொருள்’: ரெஃபரன்ஸ் என்றதும் நூலகத்தின் குறிப்புதவிப் பகுதி நினைவுக்கு வந்திருக்கிறது. பட்டறையில் இதைச் சொன்னால் ஒருவருக்கும் பிடிபடாது. ‘மேற்கோள் பொருள்’ இன்னும் தள்ளி நிற்கிறது.

‘சான்றுப்பொருள்’: நீதிமன்றத்தில் மேசைமேல் வைக்கும் கத்திக்கு இந்தப் பெயர் போய்விட்டது.

‘தர மாதிரி’: இதைத்தான் நான் வலுவாக எதிர்க்கிறேன். வளையலில் வெட்டிய துண்டும் மாதிரிதான். சோதிக்கப்படுவதும் சோதனைக்கு அளவாக நிற்பதும் ஒரே சொல்லில் வந்தால் பதிவேட்டில் குழப்பம் நிச்சயம். ஆய்வகத்தில் இந்தக் குழப்பம் பணமாகக் கணக்காகும்.

‘நிர்தேசத் திரவியம்’: டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்தியாவில் உருவாகும் இத்தகைய பொருள்களுக்குப் ‘பாரதிய நிர்தேஷக் திரவ்யா’ என்று பெயர் வைத்திருக்கிறது. 2019-இல் வந்த 9999 தரத் தங்கம் (99.99 விழுக்காடு) அந்த வரிசையில் 4201 என்ற எண்ணைப் பெற்றது. மும்பை நாணயச் சாலையும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து உழைத்த நல்ல காரியம் அது. ஆனால் திரவியம் என்றால் தமிழில் செல்வம், இல்லாவிட்டால் வாசனைத் திரவியம். அது அங்கே அந்தப் பெயரில் இருக்கட்டும்.

‘கட்டளைப் பொருள்’: இதைச் சொன்ன ஐயாவுக்கு என் நன்றி. 505-ஆம் குறளின் கட்டளைக்கல்லை அவர் நினைவூட்டியது சரியான திசை. ஆனால் கட்டளைக்கல் என்பது உரைகல், அதாவது கருவி. மாற்று தெரிந்த உலோகம் அதில் இல்லை. அந்தக் கல்லில் நகையை உரைத்தபின் பக்கத்தில் எதை உரைத்து ஒப்பிட்டார்கள்? அங்கேதான் நமக்கு வேண்டிய சொல் இருக்கிறது.

என் தாத்தா பத்தர், அதாவது பொற்கொல்லர். அவர் பெட்டியில் ஒரு கொத்து இருக்கும். ஒவ்வொரு கம்பி நுனியிலும் ஒவ்வொரு மாற்றுத் தங்கம். அதற்குப் பெயர் உரையாணி. நகையின் கோட்டுக்குப் பக்கத்தில் ஆணியின் கோட்டை இழுத்து, அமிலம் தடவி, எந்த ஆணியோடு நிறம் ஒக்கிறது என்று பார்ப்பார். செம்பு கலந்த தங்கத்துக்குச் செம்பு கலந்த ஆணி, வெள்ளி கலந்ததற்கு வெள்ளி கலந்த ஆணி. மாற்றி உரைத்தால் நிறம் ஏமாற்றிவிடும். மாற்றைக் காட்டும் எக்ஸ்ரே இயந்திரத்தில் இன்று நாங்கள் படும் பாடும் இதேதான்: சோதிக்கும் கலவையை ஒத்த பொருளால் அளவுபடுத்தாவிட்டால் எண் தப்பும். தாத்தாவின் கொத்தும் என் ஆய்வகத்தின் சான்றிதழ்த் துண்டுகளும் செய்யும் வேலை ஒன்றே. அவருடைய கொத்துக்குச் சான்றிதழ் மட்டும்தான் இல்லை.

ஆணி என்ற சொல்லின் இந்தப் பொருள் செத்துப்போகவில்லை. ஆணிப்பொன் என்றால் மாற்றுயர்ந்த பொன், ஆணிமுத்து என்றால் தேர்ந்த முத்து. ‘ஆணித்தரமாகச் சொன்னார்’ என்று இன்றும் செய்தித்தாளில் எழுதுகிறோம். அதோடு, சோதனைக்காக எடுத்துவைக்கும் சிறு துண்டுக்குப் பட்டறையில் ‘மச்சம்’ என்ற சொல் உண்டு. மச்சம் ஒருபுறம், ஆணி ஒருபுறம். மேலே சொன்ன ‘மாதிரி’க் குழப்பத்துக்கு நம்மவர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள்.

நேற்று வந்த மறுப்பு:

> ஆணி என்றால் சுவரில் அடிப்பதும் காலில் வருவதும்தானே மக்களுக்குத் தெரியும்? தங்கத்துக்குச் சரி, சுரங்கத்துத் தாதுப்பொடியை ஆணி என்றால் சிரிக்க மாட்டார்களா அக்கா?

கேள்வி நியாயமானது. தனியாக ‘ஆணி’ என்று விட்டால் சிரிப்பார்கள்தான் தம்பி. அதனால் ‘ஆணிப்பொருள்’ என்கிறேன். ஆணிப்பொன், ஆணிவெள்ளி, ஆணித்தாது என்று அடுத்த சொல் சேர்ந்ததும் இரும்பு ஆணி மனத்தில் வராது. தாதுப்பொடி நல்ல சோதனைதான். சுரங்கத்திலிருந்து வரும் மச்சங்களின் நடுவே, ஒரு டன்னில் எத்தனை கிராம் தங்கம் என்று தெரிந்த பொடிப் பொட்டலத்தை இடையிடையே செருகி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எண் வரம்பைத் தாண்டினால் அந்தத் தொகுதி முழுதையும் திரும்பச் செய்யவேண்டும். கம்பியாக இருந்தாலும் பொடியாக இருந்தாலும் வேலை உரையாணியின் வேலைதான்.

வெள்ளியைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆனால் சொல்லுக்கு அங்கேயும் பொருத்தம் பார்க்கவேண்டும். வெள்ளியைக் கியூப்பலில் போட்டால் இழப்பு அதிகம். அதனால் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, உப்புக் கரைசலோ பொட்டாசியம் புரோமைடோ சொட்டவிட்டு அளக்கிறோம். சொட்டும் கரைசலின் வலுவைச் சொக்க வெள்ளியால்தான் நிர்ணயிக்கிறோம். அது ஆணிவெள்ளி, சந்தேகமில்லை. கலவை வெள்ளிக்கு ஆணிப்பொருள் செய்வதுதான் கடினம். வெள்ளியும் செம்பும் உருகி இறுகும்போது பிரிந்து நிற்கும். 925 வார்ப்புக் கட்டியின் நடுவில் ஒரு மாற்று, ஓரத்தில் ஒரு மாற்று வரும். 72 விழுக்காடு வெள்ளியை ஒட்டிய கலவைதான் ஏறத்தாழ ஒரே சீராக இறுகும். ‘ஒருபடித்தாக இருத்தல்’ என்ற நிபந்தனை எத்தனை வேலை வாங்குகிறது என்று இதிலிருந்து தெரியும்.

‘சர்டிஃபைடு’க்கு ‘சான்றளிக்கப்பட்ட’ என்று நீட்டவேண்டாம். ரெஃபரன்ஸ் மெட்டீரியல் ஆணிப்பொருள். சான்றிதழோடு வருவது சான்றாணிப்பொருள். ஆய்வகம் தன் தேவைக்குத் தானே உருக்கி வைத்துக்கொள்வது மனையாணிப்பொருள். சான்றிதழில் உள்ள எண் ஆணிமதிப்பு. இந்தக் கடைசிச் சொல்லை என் பழைய மையத்தில் இரண்டு பெண்களிடம் சொல்லிப் பார்த்தேன். விளக்காமலேயே ‘செக் கோல்டு வேல்யூவா அக்கா?’ என்று கேட்டார்கள். எனக்கு அது போதும்.

ஒரு டப்பிமேல் ஒட்டும் தாளில் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்த்தேன்:

சான்றாணிப்பொருள் – பொன், வெள்ளி, செம்புக் கலவை
ஆணிமதிப்பு: ஆயிரத்துக்கு 916.5
ஐயவரம்பு: ± 0.3
குறைந்தபட்ச மச்ச எடை: 200 மில்லிகிராம்

எண்கள் சும்மா எடுத்துக்காட்டுக்கு. எனக்கு உறுத்துவது இரண்டு இடம். ‘மனையாணி’ காதில் சரியாக விழவில்லை, ‘உள்ளாணி’ மேலா? அப்புறம் நான்காம் வரி: அங்கே ‘மச்சம்’ என்று நான் எழுதியது ஆணிப்பொருளிலிருந்தே வெட்டி எடுக்கும் துண்டை. அது மச்சமா, அதற்கு வேறு சொல் வேண்டுமா? பட்டறை வழக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாகர்கோவில், மதுரைப் பக்கம் வேறு சொல் இருந்தால் அதையும் எழுதுங்கள்.