மறு: மீன் இனப்பெருக்கத் தொட்டிக்கான ஃபில்டர் – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். மீன் வளர்ப்பவர்களுக்கான கையேட்டில் ஃபில்டர் வகைகளுக்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். கேள்விகளை எடுத்துக் காட்டிப் பதில் எழுதுகிறேன்.

> பயாலஜிக்கல் ஃபில்டர் என்பதற்கு ‘உயிரி வடிகட்டி’ என்று வைத்துக்கொண்டு கையேட்டை முடித்துவிடலாமா?

வைக்கலாம் ஐயா. ஆனால் கையேட்டைப் படிக்கப்போகிறவர் கொளத்தூரிலோ மாதவரத்திலோ தொட்டி வரிசை போட்டிருப்பவர். ‘உயிரி வடிகட்டி’ என்றால் உயிர்களை வடிகட்டி எடுப்பது என்றுதான் அவருக்குப் படும். குஞ்சு இருக்கும் தொட்டியில் அவர் பயப்படுவதே அதற்குத்தானே? இரவு மோட்டார் ஃபில்டரைப் போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் கப்பிக் குட்டிகள் பாதி உள்ளே போயிருக்கும்.

இந்தத் தொட்டியில் ஃபில்டருக்கு இருக்கும் வேலை இரண்டு. குஞ்சை இழுக்கக் கூடாது, அமோனியாவை ஏற விடக் கூடாது. தண்ணீர் கண்ணாடி போல் தெரிவதெல்லாம் அப்புறம். குஞ்சுகளுக்கு ஒரு நாளில் பல வேளை ஆர்ட்டீமியா என்னும் பொடி உயிர்த்தீனி கொடுக்கிறோம். தின்றது கழிவாகவும் தின்னாதது அழுகியும் அமோனியாவாக வருகிறது. அதில் எவ்வளவு நஞ்சு என்பது பிஹெச்சை, அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைப் பொறுத்தது. 25 டிகிரி செல்சியஸில் பிஹெச் 7 என்றால், மொத்த அமோனியாவில் நஞ்சான வடிவம் சுமார் 0.6 விழுக்காடுதான். பிஹெச் 8 ஆனால் அதுவே 5 விழுக்காட்டைத் தாண்டிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் அதே அளவு தீனி போட்டும் அவர் குஞ்சு பிழைக்கிறது, நம்முடையது சாகிறது என்றால் முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.

> அப்படியானால் ‘பாக்டீரியா வடிகட்டி’?

இது வேண்டாம் என்பேன். ஃபில்டரில் குடியேறும் நுண்ணுயிர்கள்தான் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அமோனியாவை நைட்ரைட்டாக்குவது நைட்ரோசோமோனாஸ் என்னும் பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது நைட்ரோபாக்டர் என்னும் பாக்டீரியா என்று வெகுகாலம் எழுதினார்கள். 1998இல் வந்த ஆய்வு, மீன்தொட்டியில் இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்னும் வேறொரு பாக்டீரியா என்றது. 2011இல், நன்னீர்த் தொட்டி ஃபில்டர்கள் பலவற்றில் அமோனியாவை மாற்றும் கூட்டத்தில் பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியா என்னும் வேறு இன நுண்ணுயிர்கள் மிகுதி என்று கண்டார்கள். 2015இல், இரண்டு வேலையையும் ஒன்றே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகையும் வந்துவிட்டது. ஆய்வு நகர நகரப் பெயரை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. விளக்கம் எழுதும் இடத்தில் ‘நுண்ணுயிர்’ என்று பொதுவாகச் சொன்னால் போதும்.

என் யோசனை வேறு. கருவிக்கு இருக்கிற ‘வடிகட்டி’யே இருக்கட்டும். நுண்ணுயிர் குடியேறிய நிலைக்குத் தனிச்சொல் வைப்போம். புது இரும்பு தோசைக்கல்லை வீட்டில் ‘பழக்குகிறோம்’ அல்லவா? தொட்டியில் நுண்ணுயிரைக் குடியேற்றுவதைச் ‘சைக்கிளிங்’ என்று சொல்கிறார்களே, அதுவும் அதே மாதிரிதான். புதுப் பஞ்சை ஓடும் தொட்டியில் போட்டு நாலைந்து வாரம் விட்டால் அதன்மேல் நுண்ணுயிர் படர்ந்துவிடும். ஆகவே தொட்டியைப் பழக்குதல், பழக்கிய பஞ்சு, பழகாத தொட்டி. ‘சுழற்சி முடிந்த தொட்டி’ என்று எழுதினால் எது சுழன்றது என்று கேட்பார்கள். ‘பழக்கிய பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசாதே, தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து போடு’ என்றால் காரணமும் சேர்ந்தே புரியும்.

> ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குப் ‘பஞ்சு வடிகட்டி’ போதாதா? ‘கடற்பஞ்சு வடிப்பான்’ என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார்.

கடற்பஞ்சு கடலில் வாழும் விலங்கு, அது இங்கே வேண்டாம். வெறும் ‘பஞ்சு’வில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெட்டி ஃபில்டருக்குள் அடைக்கிற வெள்ளை இழையும் பஞ்சுதான். அதில் சிறு குஞ்சு சிக்கினால் மீளாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கடையில் தவறானதை வாங்கி வருவார்கள். அதனால் ஸ்பாஞ்சுக்கு ‘நுரைப்பஞ்சு’, மற்றதற்கு ‘இழைப்பஞ்சு’. பக்கத்துக்குப் பத்து முறை ‘நுரைப்பஞ்சு வடிகட்டி’ என்று எழுதக் கை வலித்தால், முதல் முறை மட்டும் முழுசாக எழுதிவிட்டு அப்புறம் ‘நுரைப்பஞ்சு’ என்றே ஓட்டலாம். அங்குலத்துக்கு எத்தனை துளை என்பதற்குத் ‘துளைச்செறிவு’ சரி. 20, 30 துளை உள்ளது சீக்கிரம் அடைக்காது.

காற்றுக் குமிழ் தண்ணீரைத் தூக்கும் அந்தக் குழாய்க்கு யாரும் பெயர் சொல்லவில்லை. குழாய்க்குள் குமிழ் கலந்த தண்ணீர் அடர்த்தி குறைந்து மேலே ஏறுகிறது, அந்த இடத்தை நிரப்பப் பஞ்சு வழியாகத் தண்ணீர் வருகிறது. கிணற்றிலிருந்து நீர் இறைத்த ‘ஏற்றம்’ நம்மிடம் இருக்கும்போது வேறு சொல் எதற்கு? ‘காற்றேற்றம்’ என்றால் தண்ணீருக்குள் காற்றைக் கலப்பதோடு குழம்பும். ‘குமிழேற்றம்’ என்கிறேன். பம்பை விட்டால் இதில் ஓடும் பாகமே கிடையாது. ஒரு பெரிய காற்று பம்பிலிருந்து குழாய் பிரித்து எத்தனையோ தொட்டிக்குக் கொடுக்கலாம். பண்ணைக்காரர்கள் இதை விடாமல் வைத்திருப்பது அதனால்தான். மின்சாரம் போனாலும் பஞ்சு திறந்த தண்ணீரிலேயே இருப்பதால் நுண்ணுயிர் உடனே மூச்சு முட்டாது. தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் அப்படியில்லை.

> ‘ஃப்ரை சேஃப்’ என்பதற்கு?

குஞ்சை இழுக்காத. இதற்குக் கலைச்சொல் எதற்கு?

கையேட்டில் ஒரு விதிவிலக்கையும் சேருங்கள். ஃபைட்டர் மீனுக்கு நுரைப்பஞ்சுகூட அதிகம். முட்டைக்காக ஆண் கட்டிய குமிழ்க்கூடு அலையில் கலைந்துபோகும். குஞ்சு நீந்தத் தொடங்கும் வரை காற்றை நிறுத்தி வைப்பவர்களே அதிகம், பிறகு வால்வைத் திருகிச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஏஞ்சல் மீனின் முட்டையை எடுத்துத் தனியே பொரிக்க வைப்பவர்களுக்கு நேர்மாறு: தாய்மீன் விசிறாத குறையைத் தீர்க்க முட்டைக்குப் பக்கத்தில் குமிழ் ஓட வேண்டும். அந்தத் தொட்டியில் பூஞ்சைக்கு மெத்திலீன் நீலம் விட்டிருந்தால் பழக்கிய பஞ்சை உள்ளே போடாதீர்கள். மருந்து நுண்ணுயிரையும் தாக்கும், பஞ்சும் நீலமாகும்.

வளர்ந்த தங்கமீன் கூட்டத்துக்கு நுரைப்பஞ்சு தாங்காது, கேனிஸ்டரோ மேல்தட்டு ஃபில்டரோதான் வேண்டும். அங்கே குஞ்சும் இருந்தால், அதை இழுக்காதபடி உறிஞ்சு வாயில் ஒரு நுரைப்பஞ்சு உறை மாட்டிவிட்டால் தீர்ந்தது. ‘கேனிஸ்டருக்குக் குடுவை வடிகட்டி’ என்ற கோவை நண்பரின் பரிந்துரை எனக்கு ஒட்டவில்லை. தொட்டிக்கு வெளியே நிற்பதுதான் அதன் அடையாளம் என்பதால் ‘புறக்கலன்’ என்று எழுதிப் பார்த்தேன், அதுவும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது. பண்ணையில் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள், அதுவரை ‘கேனிஸ்டர்’ அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்.