ஈ-லைனுக்கு டிமார்க் டப்பா வேணுமா, மீடியா கன்வெர்ட்டரே போதுமா?

அவிநாசி_ரோடு: வணக்கமுங்க. கம்பெனி திருப்பூர்ல, ப்ராசஸிங் யூனிட் பெருந்துறை சிப்காட்ல. நடுவுல 100 எம்பி ஈ-லைன், அதாவது ரெண்டு எடத்தையும் நேராக் கோக்கற ஈதர்நெட் லைன், போடறதா இருக்குது. ஒருத்தர் ஃபைபர சாதா நெட்வொர்க் கேபிளுக்கு மாத்தற மீடியா கன்வெர்ட்டர் வெச்சே குடுத்தர்றேங்கறார், இன்னொருத்தர் என்ஐடினு ஒரு டிமார்க் டப்பா (அவங்க லைன் எங்க முடியுது, நம்ம பக்கம் எங்க ஆரம்பிக்குதுன்னு பிரிக்கறது) வெச்சாத்தான் எஸ்எல்ஏ (லைன் தரத்துக்கு எழுத்துல உத்தரவாதம்) தருவாராமா, அதுக்கு மாச வாடகை தனி. அந்த டப்பா இல்லீன்னா டேட்டா போகாதானு மொதலாளி கேக்கறாருங்க.

நொய்யல்நெட்: தாராளமா போகுமுங்க. நாங்க சின்ன ஐஎஸ்பி, கன்வெர்ட்டர்லதான் பூரா கஸ்டமரும் ஓடுது. டப்பா வெச்சா அதுக்கொரு அடாப்டர், யூபிஎஸ்ல ஒரு பாயிண்ட்டு, கெட்டுப்போக இன்னொரு சாமான், அவ்ளோதான்.

பீளமேடு_பாக்கெட்: அண்ணா, கன்வெர்ட்டர்ல இருக்கற ரோதனையே வேறீங்க. லிங்க் லாஸ் ஃபார்வேர்டிங் (எல்எல்எஃப், ஒரு பக்கம் லிங்க் போனா மறுபக்கத்தையும் அணைக்கறது) இல்லாத மாடல்னா ஃபைபர் அறுந்தாலும் ரவுட்டர் பக்கம் லைட்டு எரிஞ்சுட்டேதான் இருக்கும், ரவுட்டரும் லைன் நல்லாருக்குதுன்னு நெனச்சுட்டு பேக்கப்புக்கு மாறாம உக்காந்திருக்கும். என்ஐடில 802.3ஏஹெச் ஓஏஎம்னு லைன கண்காணிக்கற வசதி இருந்துச்சுன்னா கரண்ட் போறப்ப டையிங் கேஸ்ப்னு ஒரு மெசேஜ் அனுப்பிட்டுத்தான் அணையும். உங்க யூனிட்ல கரண்ட்டு போனதுக்கு ஊத்துக்குளி ரோட்டுல ஸ்ப்ளைசிங் மெஷினத் தூக்கிட்டு யாரும் அலைய வேண்டாமுங்க.

நொய்யல்நெட்: ரவுட்டர்ல பிஎஃப்டி (ரெண்டு ரவுட்டரும் விடாம ஒண்ணையொண்ணு இருக்கியானு கேட்டுக்கறது) போட்டு உட்டா ஒரு செகண்டுக்குள்ள லைன் போனது தெரிஞ்சுட்டுப் போகுது. இதுக்கெல்லாமா வாடகை?

பீளமேடு_பாக்கெட்: செத்தது தெரியும், எவன் பக்கம் செத்துச்சுன்னு தெரியுமாங்ணா? டப்பா இருந்தா நாக்ல (லைன் தர்றவரோட கண்காணிப்பு ரூம்) உக்காந்துட்டே லூப்பேக் போட்டு, அனுப்புன டெஸ்ட் பாக்கெட் திரும்பி வருதான்னு பாத்தர்லாம், டப்பா வரைக்கும் சரியா இருந்தா அதுக்கு உள்ள கஸ்டமர் பாடு. ஒய்.1731ங்கற அளவீட்டு முறை போட்டுட்டா டிலே, ஜிட்டர் (டிலே ஏறி எறங்கறது), லாஸ் எல்லாம் நாள் முழுக்க அளந்துட்டே இருக்கும். வெறும் பிங்க வெச்சு எஸ்எல்ஏ பேச முடியாதுங்க.

காங்கேயம்_காளை: அளக்கறது யாரு? டப்பா லைன் தர்றவனுது, லாகின் அவங்கிட்ட, ரிப்போர்ட்டும் அவனே அடிச்சுக் குடுப்பான். மாப்பிள்ளை வீட்டுக்காரனே ஜாதகம் எழுதுன கதைதான். எங்க மில்லுல ரிப்போர்ட் பூரா பச்சையாத்தான் வந்துச்சு, ஆனா ஈஆர்பி சாஃப்ட்வேர்ல ஸ்டாக் ஃபைல் ஏத்துனா பாதில நின்னுக்கும். கடைசில பாத்தா எங்க ரவுட்டர் ஜிகா போர்ட்டுல பொலபொலன்னு கொட்டுது, டப்பா 100 எம்பிக்கு மேல வர்றத போலீசர் வெச்சு வெட்டி வீசுது, பர்ஸ்ட் சைஸ் (ஒரேயடியா கொட்டறத எவ்ளோ தாங்கும்ங்கற அளவு) துளியூண்டு வெச்சிருந்தாங்க, ஃபைல் அனுப்பற டிசிபி எந்திரிக்கவே முடியல. அவன் டெஸ்ட் பாக்கெட் மட்டும் அந்த வெட்டுல சிக்கவே இல்ல. ரவுட்டர்ல 95 எம்பிக்கு ஷேப்பிங் போட்டு நாங்களே நிதானமா அனுப்பினோம், சரியாயிருச்சு. டப்பாவா கண்டுபுடிச்சுது?

பீளமேடு_பாக்கெட்: போலீசர் எத்தனை வெட்டுச்சுங்கற கவுண்ட்டர் அந்த டப்பாலயேதான் கெடக்கும், உங்களுக்குக் காட்டல. அதுக்குத்தான் ரீட்-ஒன்லி எஸ்என்எம்பி (டப்பா கணக்க நீங்களே பாக்க மட்டும் வழி) கேளுங்கங்கறது. லைன் ஒப்படைக்கறப்ப, சர்வீஸ் சொன்னபடி இருக்குதான்னு பாக்கற ஒய்.1564 டெஸ்ட் ரிப்போர்ட்டும் வாங்கோணும். ஆர்எஃப்சி 2544 குடுத்தா ஒத்துக்காதீங்க, அது 1999ல லேப்ல பொட்டிய டெஸ்ட் பண்ண எழுதுனது, ஓடற சர்வீசுக்கு இல்ல.

நொய்யல்நெட்: ரீட்-ஒன்லி எவன் தர்றான்? எழுதிக் கேட்டா "பாலிசி இல்லீங்க சார்"ம்பான். எஸ்எல்ஏ மீறுனா எத்தனை ரூவா கழிப்பாங்கறத மொதல்ல பாருங்க, அது இல்லாத எஸ்எல்ஏவுக்கு எந்த டப்பா வெச்சு என்னத்துக்கு.

அவிநாசி_ரோடு: சரிங்க, ரீட்-ஒன்லி, பர்ஸ்ட் சைஸ், கழிவு மூணையும் பிஓல (பர்ச்சேஸ் ஆர்டர்) போடச் சொல்றேன். மாட்டேன்னா கன்வெர்ட்டர்காரர்தான்.

பீளமேடு_பாக்கெட்: எம்டியூவும் (ஒரு பாக்கெட் எவ்ளோ பெருசா போலாம்ங்கறது) எழுதிக்குங்க. கியூ-இன்-கியூல (உங்க டேக் மேல லைன் தர்றவர் இன்னொரு டேக் ஒட்டறது) 4 பைட்டு கூடும், நடுவுல எங்காச்சும் ஒரு பழைய ஸ்விட்ச் 1518 பைட்டுக்கு மேல தாங்காதுன்னா சின்ன பிங்கெல்லாம் ஜோரா போகும், பெரிய ஃபைல் மட்டும் தொங்கும்.

நொய்யல்நெட்: அது நெசம்தான். அப்பறம் கன்வெர்ட்டரே எடுத்தீங்கன்னா அடியில குட்டியா டிப் ஸ்விட்ச் இருக்கும், எல்எல்எஃப்னு போட்டிருக்கறத ரெண்டு முனைலயும் ஆன்ல வெக்கச் சொல்லுங்க, மாட்ட வர்ற பசங்க அதத் தொடவே மாட்டாங்க.