பியாஃப்ரா: பொதுமன்னிப்புக்குப் பிறகும் பிரிவினைக் குரல் எழுவது ஏன்?

கதிரவன்:
நைஜீரியாவின் தென்கிழக்கில் இக்போ மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி பியாஃப்ரா என்ற தனிநாடாகப் பிரிய முயன்றதால் மூண்ட உள்நாட்டுப் போர் 1970 ஜனவரியில் முடிந்தபோது, வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்று ஆட்சித் தலைவர் கோவோன் அறிவித்துப் பொதுமன்னிப்பு வழங்கினார். தனிநாட்டை அறிவித்த ஒஜுக்வுவே 1982இல் மன்னிப்புப் பெற்று நாடு திரும்பினார். ஆயினும் 1999இல் மாசோப், 2012இல் ஐபாப் என்று பியாஃப்ராத் தனிநாடு கோரும் இயக்கங்கள் மீண்டும் தோன்றின. மோதலுக்குப் பின் உண்மையறிதல், இழப்பீடு, பொறுப்புக்கூறல் ஆகியவற்றைக் கோரும் நிலைமாறுகால நீதியின் கண்கொண்டு பார்த்தால் எது விடுபட்டது?

மலர்விழி:
பழிவாங்காமல் விட்டது பெரிய காரியம்தான். ஆனால், பியாஃப்ராப் பணத்தில் வங்கிக் கணக்கு வைத்திருந்தவர் எவ்வளவு போட்டிருந்தாலும் 20 பவுண்டுதான் திரும்பப் பெற்றார். தெற்கே உள்ள துறைமுக நகரமான போர்ட் ஹார்கோர்ட்டில் இக்போ மக்கள் விட்டுச் சென்ற வீடுகள் 'கைவிடப்பட்ட சொத்து' என்ற பெயரில் பறிபோயின. 1972ஆம் ஆண்டு ஆணையின்படி அயல்நாட்டு நிறுவனங்கள் உள்நாட்டவர் கைக்கு மாறியபோது, அவற்றை வாங்க இக்போ மக்களிடம் முதல் இல்லை. மன்னிப்புக் கிடைத்தது, வாழ வழி கிடைக்கவில்லை.

செல்வநாதன்:
இன்று ஐபாப்பை ஆதரிக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் போருக்குப் பின் பிறந்தவர்கள். தென்கிழக்குக்கு ஐந்தே மாநிலங்கள், மற்ற மண்டலங்களுக்கு ஆறு அல்லது ஏழு என்பது போன்ற இன்றைய அதிகாரப் பங்கீடே அவர்களை உறுத்துகிறது. இயக்கத்தையும் கேள்வி கேட்க வேண்டும்: 2021இல் ஐபாப் தலைவர் நம்டி கனு கென்யாவிலிருந்து கொண்டுவரப்பட்டதை எதிர்த்துத் தொடங்கிய, திங்கட்கிழமைதோறும் கடைகளை மூடவைத்த முடக்கத்தால் நட்டப்பட்டவர்கள் தென்கிழக்கின் வணிக நகரமான ஒனிட்சாவின் இக்போ வணிகர்களே, கடை திறந்தவர்கள் தாக்கப்பட்டதற்கும் பொறுப்புக்கூறல் வேண்டாமா?

மலர்விழி:
கட்டாயம் வேண்டும், செல்வநாதன் ஐயா. ஆனால் பின்னால் பிறந்தவர்களுக்கும் அந்தத் துயரம் வீட்டிலேயே சொல்லப்படுகிறது. 1967 அக்டோபரில், நைஜர் ஆற்றின் மேற்கரையில் உள்ள அசாபாவில், ஒரே நைஜீரியா என்று முழங்கியபடி வெள்ளுடை அணிந்து வரவேற்க வந்த மக்களிலிருந்து ஆண்களையும் சிறுவர்களையும் பிரித்து, நூற்றுக்கணக்கானோரை அரசுப் படையினர் சுட்டுக் கொன்றனர். அந்தப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய முர்தாலா முகம்மதின் படம் இன்றும் 20 நைரா தாளில் இருக்கிறது. மனித உரிமை மீறல்களை விசாரிக்க 1999இல் அமைந்த ஒபுட்டா ஆணையம் மக்களின் முறையீடுகளைப் பகிரங்கமாகக் கேட்டு 2002இல் அறிக்கை அளித்தது. அத்தகைய விசாரணை அமைக்க மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்ற நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, அரசு அதை வெளியிடாமலே விட்டுவிட்டது. அந்த அறிக்கையை அதிகாரபூர்வமாக வெளியிடுவதற்குப் புதிய ஆணையம் எதுவும் தேவையில்லை.