பழைய லப்டொப் புரொசஸரை ஓவர்குளொக் பண்ணலாமா? உதவி தேவை

மல்லாவி மகள்:
எல்லாருக்கும் வணக்கம். என்னட்டை இருக்கிறது பழைய லப்டொப், இன்டெல் ஐ3-4005யு, 4 ஜிபி ரம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. செக்கன்ட் ஹான்டா வாங்கினது. முந்தி ஒருமாதிரிச் சமாளிக்கலாம், இப்ப கொஞ்ச நாளா சரியான ஸ்லோ. குரோமில ரெண்டு டாப் திறந்தாலே, அடிக்கிற எழுத்து பிந்தித்தான் திரையில விழுது. கிளிநொச்சியில கொம்பியூட்டர் டிப்ளோமா படிக்கிறன், புரொஜெக்ட் குடுக்கிற நாள் கிட்ட வந்திட்டுது. வயல் வெட்டின காசு கடனுக்கும் உரத்துக்கும் போகவே சரி, புதுசு வாங்கித் தாங்கோ எண்டு அப்பாட்டைக் கேக்கேலாது.

ஒரு வீடியோவில த்ரொட்டில்ஸ்டொப் எண்ட புரோகிராமால புரொசஸர் வேகத்தைக் கூட்டிக் காட்டினவை, அதுதான் ஓவர்குளொக்காம். நானும் போட்டுப் பார்த்தன். மல்டிப்ளையர் 17க்கு மேல ஏறுதில்லை. பயோஸுக்குள்ளயும் (விண்டோஸ் வர முன்னம் திறக்கிற செட்டிங்ஸ்) தேடினன், அப்பிடி ஒண்டும் இல்லை. எங்க மாத்திறது எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ.

குளக்கட்டு:
ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டி ஒண்டு போடுங்கோ தங்கச்சி. வேற யோசனை வேண்டாம்.

பரந்தன்சந்தி:
தங்கச்சி, அது 17க்கு மேல ஏறவே ஏறாது. 100 மெகாஹேட்ஸை 17 ஆல பெருக்கினா 1.7 கிகாஹேட்ஸ், அதுதான் இந்தச் சிப்பின்ர உச்சம். இன்டெல் அதைப் பூட்டித்தான் வெளியில விடுறது. ஐ5, ஐ7இல வாற டர்போவும் (தேவைப்படேக்க தானா வேகம் ஏறுறது) இதில இல்லை. மல்டிப்ளையரைத் திறந்து விடுறது பெரும்பாலும் பேரின்ர கடைசியில கே, எச்கே எண்டு வாற விலைகூடின சாமான்களிலதான். உங்கட ‘யு’ 15 வாட்டுக்கெண்டு செய்தது. அதுக்கேத்த சின்ன ஃபானும் ஒரு செப்புக் குழாயும்தான் உள்ளுக்க கிடக்கும். எங்கட பக்கத்து வெக்கைக்கு உள்ள வேகத்திலயே அது திணறும்.

ஆனா எனக்கு இடிக்கிறது வேற விசயம். முந்தி சமாளிக்கலாம், இப்ப கொஞ்ச நாளாத்தான் எண்டு எழுதியிருக்கிறியள். புரொசஸர் வயசு போனதெண்டு தானா வேகம் குறையாது. டாஸ்க் மனேஜரில பெர்ஃபோமன்ஸ் எண்டதுக்குள்ள போய், சிபியு வேகம் எவ்வளவு காட்டுதெண்டு பாருங்கோ. சாஜர் குத்தின நேரம் ஒருக்கா, கழட்டிப்போட்டு ஒருக்கா. ரெண்டு கணக்கும் வேணும்.

நெடுங்கேணி:
செட்எஃப்எஸ்பி எண்டு ஒரு சின்ன புரோகிராம் இருந்தது. நான் அதால பழைய கோர் 2 டுவோ ஒண்டை நல்லாக் கூட்டி ஓடவிட்டிருக்கிறன். அதை முயற்சி செய்யலாமே?

பரந்தன்சந்தி:
அண்ணை, அந்தக் காலத்து போர்டில குளொக் குடுக்கிற சிப் தனியா இருந்தது, அதைத்தான் செட்எஃப்எஸ்பி பிடிச்சு ஆட்டினது. 2011இல இன்டெலின்ர சாண்டி பிரிட்ஜ் புரொசஸர் வந்தாப்பிறகு அது சிப்செட்டுக்குள்ள போயிட்டுது. அந்த 100 மெகாஹேட்ஸைக் கூட்டினா டிஸ்க்கையும் மற்றச் சாமான்களையும் இணைக்கிற சாட்டா, பிசிஐ எக்ஸ்பிரஸ் எல்லாம் சேர்ந்து ஏறும். நாலஞ்சு வீதம் ஏத்தவே ஹார்ட் டிஸ்க்கில எழுதிற தரவு பழுதாப்போற ஆபத்து இருக்கு. புரொஜெக்ட் உள்ள மெசினில அந்த விளையாட்டு வேண்டாம்.

மல்லாவி மகள்:
அண்ணை, பார்த்தன். சாஜர் குத்தினா 0.78இலயே நிக்குது, என்ன திறந்தாலும் அசையுதில்லை. கழட்டினா 1.68 காட்டுது! ஆனா பற்றறி கொஞ்ச நேரம்தான் நிக்கும், சாஜ் ஏறுறதும் இல்லை. பற்றறி பழுதெண்டு நினைச்சு விட்டிட்டன். சாஜர் கிட்டடியில மாத்தினது, பழையதின்ர வயர் அறுந்துபோச்சு. இன்னொண்டு, போடேக்க கறுப்புத் திரையில இங்கிலிஷில என்னவோ வரும், எஃப்1 அமத்தினாத்தான் உள்ள போகும்.

பரந்தன்சந்தி:
கண்டுபிடிச்சாச்சு. உங்கட லப்டொப் ஓவர்குளொக் கேக்கேல்லை, அதைப் பாதிக்கும் கீழ ஆரோ பிடிச்சு வைச்சிருக்கு.

சாஜர் முனையை வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ. நடுவில மெல்லிசா ஒரு ஊசி தெரியும். கறண்ட் அதால போறதில்லை. சாஜருக்குள்ள ஒரு குட்டிச் சிப் இருக்கும், “நான் 65 வாட்” எண்டு அது சொல்லுறதை லப்டொப் அந்த ஊசியாலதான் வாசிக்கிறது. வாசிக்கேலாமப் போனா, இந்தச் சாஜர் எவ்வளவு தாங்குமெண்டு லப்டொப்புக்குத் தெரியாது. அதால பற்றறிக்குச் சாஜ் ஏத்திறதை நிப்பாட்டி, புரொசஸரையும் ஆகக் குறைஞ்ச வேகத்துக்கு இறக்கிவிடும். கறுப்புத் திரையில வாறதும் அதுதான், அவசரத்தில எஃப்1 அமத்தாம ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.

பிழை மூண்டு இடத்தில இருக்கலாம்: சாஜருக்குள்ள அந்தச் சிப் இல்லாம இருக்கலாம், முனைக்குக் கிட்ட வயர் மடிஞ்சு உள்கம்பி அறுந்திருக்கலாம், இல்லாட்டி லப்டொப்பில குத்திற ஜாக் பழுது. அதே கொம்பனி சாஜர் உள்ள ஆரிட்டையாவது வாங்கிக் குத்திப் பாருங்கோ, காசு செலவழிக்க முன்னம் அதைச் செய்யுங்கோ. ஒட்டியிருக்கிற லேபிளில 19.5 வோல்ட், 3.34 அம்பியர் எண்டு இருந்தா 65 வாட். 2.31 அம்பியர் எண்டா 45 வாட்தான்.

நெடுங்கேணி:
த்ரொட்டில்ஸ்டொப்பில பிடி ப்ரோச்சொட் (வேகத்தை இறக்கச் சொல்லி வெளியில இருந்து புரொசஸருக்கு வாற சைகை) எண்ட சரியை எடுத்துவிட்டா வேகம் உடன திரும்புமே?

பரந்தன்சந்தி:
திரும்பும். 100 பாகையில புரொசஸர் தன்னைத் தானே காக்கிறது அப்பவும் வேலை செய்யும். ஆனா சாஜர் உண்மையில 65 வாட் குடுக்குமோ எண்டு தெரியாம அதை எடுத்துவிட்டா, சூடாகிறது சாஜர். மண்ணெண்ணெய் விளக்கோட படிச்ச ஊரில இப்பதான் பிள்ளையள் லப்டொப்போட இருக்குதுகள், கட்டிலில வைச்சுப் படிக்கேக்க சாஜர் உருகிற நிலைமை வரப்படாது. நல்ல சாஜர் கிடைக்குமட்டும் பற்றறியில ஓட்டட்டும்.

மல்லாவி மகள்:
அண்ணை, மச்சாளின்ர சாஜர் குத்தினன். 1.68! பற்றறியும் ஏறுது. கறுப்புத் திரையும் வரேல்லை. என்ர சாஜரிலயும் 65 வாட் எண்டுதான் அடிச்சிருக்கு, ஆனா எஃப்2 அமத்திப் பார்த்தா பயோஸில அன்னோன் எண்டு காட்டுது. மச்சாளின்ரதுக்கு 65 எண்டு வருது. இனி எழுத்து பிந்துறேல்லை, ஆனா போட்டு எழும்ப இன்னும் நேரம் எடுக்குது. டிஸ்க் 100 வீதத்திலயே நிக்குது. சூடும் 90ஐத் தாண்டுது.

பரந்தன்சந்தி:
அப்ப ஜாக் நல்லது, சாஜர்தான். கடையில லப்டொப்பையும் கொண்டுபோய், குத்தி, பயோஸில 65 எண்டு வந்தாப்பிறகு காசைக் குடுங்கோ.

சூட்டுக்கு அடி மூடியைக் கழட்டவேணும். வெளியில இருந்து புளோவர் அடிக்கிறதால பிரியோசனம் குறைவு. எங்கட கிரவல் றோட்டுப் புழுதி ஃபானுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் இடையில கம்பளித் துணிமாதிரிப் படிஞ்சு கிடக்கும், ஃபானைக் கழட்டினாத்தான் அதைச் சுருட்டி எடுக்கலாம். ஊதேக்க ஃபானை விரலால பிடிச்சுக்கொள்ளுங்கோ. புரொசஸருக்கு மேல பூசிற தேர்மல் பேஸ்டும் புதுசா வையுங்கோ.

டிஸ்க் விசயத்தில குளக்கட்டு சொன்னது சரி. 2.5 இஞ்சி சாட்டா எஸ்எஸ்டி, 240 ஜிபி காணும். ரமும் ஒரு 4 ஜிபி கூட்டலாம். டிடிஆர்3எல், 1.35 வோல்ட் எண்டு பார்த்து வாங்குங்கோ, 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டா இந்தப் புரொசஸரோட மெசின் எழும்பாது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபரோட வழமையான அப்டேட் நிண்டிட்டுது, 11 உங்கட சிப்பை ஏற்காது. எஸ்எஸ்டி போடேக்க விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டுப் பழகுங்கோ, படிக்கிற பிள்ளைக்கு அது பிறகும் உதவும்.

மல்லாவி மகள்:
நன்றி அண்ணை. இப்போதைக்குச் சாஜருக்கும் எஸ்எஸ்டிக்கும்தான் காசு இருக்கு. ரம் பிறகு போட்டாலும் பரவாயில்லையோ?

குளக்கட்டு:
ஓம், பரவாயில்லை. புரொஜெக்ட்டை முதல் பென்டிரைவில கொப்பி பண்ணிப்போட்டு மூடியைக் கழட்டுங்கோ.